பதினேழாவது கேள்வி

குகட்பள்ளி,
17.11.2002

அன்புள்ள புஷ்பாவுக்கு,

இங்கே நானும் தாரிணியும் சௌக்கியம். குக்கருக்குத்தான் உடம்பு சரியில்லை, மூன்று நாளாக விசில் அடிக்காமல் முனகிக்கொண்டே இருக்கிறது. நீ கோயம்புத்தூர் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நூலகத்துக்கு ஓடுவதாக உன் பெண் சொன்னாள். நாற்பது வயதில் எம்.எட். படிக்கப் போனால் உடம்பும் இருபது வயசாகிவிடும் என்று நினைப்பா? தலையைத் துவட்டிக்கொண்டு போ.

நேற்று போனில் நான் ஒன்றுமே பேசவில்லை என்று உனக்குக் கோபம். ஹாஸ்டல் போனுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. அவர்களை வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேச? குழாயில் மஞ்சீரா தண்ணி வந்ததா, பால் திரிந்ததா என்பதற்கு மேல் எனக்கு நாக்கு எழும்பாது. கடிதம் என்றால் நான் எவ்வளவு பெரிய வாயாடி என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய பதினொரு பக்கக் கடிதத்தை உன் அப்பா பிரித்துப் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு பிளாண்டில் வேலையே கிடையாதா என்று கேட்டாராமே.

இப்போது உன் விஷயம். நீ அனுப்பிய நூற்றிருபது கேள்வித்தாளும் நல்லபடியாக முடிந்தது. உன் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா டீச்சர் ஏழாம் வகுப்பிலும் தாரிணியின் எட்டாம் வகுப்பிலும் கொடுத்து, ஒரே பீரியடில் எழுதி வாங்கிவிட்டார். வீட்டில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை என்று வளர்கிற பிள்ளை கணக்கை எப்படிப் படிக்கிறது என்று இருபத்துநாலு கேள்வி கேட்டிருக்கிறாய். படித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியும் உனக்குள் இப்படியெல்லாம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போச்சு.

முழுசாக நிரப்பின தாள் நூறாவது இருக்கவேண்டும், குறைந்தால் மறுபடி எடுக்கவேண்டும் என்று உன் கைடு அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். மறுபடி எடுத்தால் மே மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, டிசம்பருக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து நூற்றிருபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு கட்டம்கூடக் காலி இல்லாமல் சரிசெய்து கூரியரில் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷ இன்ஸ்பெக்‌ஷன் கை, உனக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யும்? பாலாநகர் பிளாண்டில், சோதனைத் தாளில் கட்டம் காலியாக ஒரு மின்பலகை என்னைத் தாண்டிப் போனது கிடையாது.

உங்கள் தாளாளர் கிருஷ்ணபிரசாத் சாரை வியாழக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். கச்சிபௌலி கிளைக்கு இரண்டாம் மாடி எழும்பிவிட்டதாம். சுற்றிலும் பாறையை வெடி வைத்து உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கு நடுவில் கண்ணாடிக் கட்டடமாக வந்துகொண்டே இருக்கிறது, அந்த ஆபீஸ்களின் பிள்ளைகள் எல்லாம் நம் கிளைக்குத்தான் வருவார்கள் என்று ஒரே சந்தோஷம் அவருக்கு. மேடம் ஜூன் முதல் தேதி எம்.எட்.டோடு வரட்டும், தலைமை ஆசிரியை நாற்காலி அவர்களுக்குத்தான் என்று மறுபடியும் சொன்னார்.

உன்னிடம் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்ட ஸ்மிதா, எம்.எட். முடித்த கையோடு கோஆர்டினேட்டராகி உன் பாடக்குறிப்பிலேயே கையெழுத்துப் போட்ட அன்றைக்கு, நீ வீட்டுக்கு வந்து நேராக உட்கார்ந்து இரண்டு கட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்தாய். பதினாறு வருஷ அனுபவம் ஒரு தாளுக்கு முன்னால் செல்லாமல் போனது. அதனால்தான் நீ படிக்கப் போகிறேன் என்றபோது நான் போ என்றேன். ஒரே வார்த்தையில் சொன்னதை நினைத்து இப்போது தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.

பாக்கி எல்லாம் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சம்பந்தம்


குகட்பள்ளி,
2.2.2003

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் ஏழு பக்கக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நீ கடைசியாக எனக்கு எப்போது எழுதினாய் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். பதினேழாவது கேள்வி, வீட்டில் கணக்குப் போடும்போது உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது. அம்மா, அப்பா, அண்ணன் அல்லது அக்கா, டியூஷன் டீச்சர், யாருமில்லை என்று ஐந்து கட்டம். இங்கிலீஷ் தெரியாத அம்மாக்கள் பிள்ளை பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, நம் பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் 'அம்மா' என்று டிக் விழுந்திருக்கிறது. உன் கைடு அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதுதான் உன் ஆய்வின் உயிர், இதற்குத் தனி அத்தியாயம் எழுது, மார்ச் இருபத்தொன்பதாம் தேதி கருத்தரங்கில் இதையே பேசு என்று சொல்லியிருக்கிறார். சரிதானே?

ரொம்ப சந்தோஷம். ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிள்ளைகள் போடுகிற டிக்கை வைத்து இவ்வளவு பெரிசாகச் சொல்லவேண்டுமா? மற்ற இருபத்துமூன்று கேள்வியிலும் சரக்கு இருக்குமே. எனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா எழுதுகிறேன்.

தாரிணியின் தாளைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பெயர் இல்லாவிட்டால் என்ன, அவள் எட்டு போடுகிற விதம் பெற்றவளுக்குத் தெரியாதா என்கிறாய். நான் அவளை விட்டுவிட்டு இத்தனை தூரம் வந்திருக்கிறேன், அப்படியும் அவள் அம்மா என்று போட்டிருக்கிறாள், நூலகத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டேன். முந்தின நாள்தான் துடைத்திருந்தேன்.

அந்த ஸ்கூட்டர் பற்றியும் சொல்கிறேன். பிளாண்ட் பஸ்ஸில் வந்து இறங்கி வண்டியை எடுத்தால், வாரத்தில் இரண்டு நாளாவது அது நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நிற்கிறது. பதினோரு வருஷம் உன்னை ஏற்றிக்கொண்ட பழக்கம். வாட்ச்மேன் சிரிக்கிறான், மேடம் கோயம்புத்தூர் போய் ஏழு மாசமாச்சே சார் என்கிறான். மறந்துபோய் வந்துவிட்டேன் என்றால் மானம் போகும் என்று, ஸ்டெல்லா டீச்சரைப் பார்க்க வந்ததாகச் சொல்லித் தொலைத்தேன். அது ஸ்டெல்லா டீச்சர் காதுக்குப் போய், அவர் பயந்துபோய் வீட்டுக்குப் போன் பண்ணினார்.

நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை புஷ்பா. இன்னும் நாலு மாதம்தான் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மே மாதம் முடிந்துவிடும் இல்லையா?

அன்புடன்,
சம்பந்தம்


குகட்பள்ளி,
9.3.2003

அன்புள்ள புஷ்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் வேண்டாம்.

பதினேழாவது கேள்விக்கு முப்பத்திநாலு பிள்ளைகள் ஒன்றும் போடவில்லை. முப்பத்திநாலு தாளிலும் அந்த ஐந்து கட்டமும் காலியாக இருந்தன. டிக் போட்டது நான்.

முழுத்தாள் எண்பத்தாறுதான் தேறியது. நூறு இல்லாவிட்டால் டிசம்பர் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தைதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. பிள்ளைகள் எழுதியதை எழுதியபடியே அனுப்புங்கள் என்றும் நீ எழுதியிருந்தாய். ஸ்பெல்லிங் திருத்தவேண்டாம் என்று சொல்கிறாய் என்று அதற்கு நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பிள்ளைகள் அவசரத்தில் விட்டிருக்கும், வீட்டில் அம்மாதானே உட்காருவாள், நம் வீட்டில் அப்படித்தானே என்று எல்லாவற்றிலும் அம்மா கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு நிமிஷம்கூட அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. உதவி என்று நினைத்தேன். சரியான கிறுக்கன்.

நீ சீக்கிரம் வந்துவிடவேண்டும் என்பதற்காகச் செய்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஜனவரிக் கடைசியில் உன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீ அதற்குத் தனி அத்தியாயமே எழுதப்போகிறாய் என்பதும் தெரிந்தது. அப்படியும் சொல்லவில்லை. டிக்குக்குக் கையெழுத்தா இருக்கிறது, யார் கண்டுபிடிப்பார்கள், ஜூன் மாதம் நீ வந்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று ஒரு மாதம் ஓட்டினேன். நான் வாயைத் திறந்தது என் யோக்கியதையால் இல்லை. தாரிணியால்.

போன திங்கள்கிழமை அவள் பிறந்தநாளுக்கு நீ தனியாகக் கடிதம் போட்டிருந்தாய். அதில், நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நீ 'அம்மா' என்று டிக் பண்ணினாயே கண்ணு, அது போதும் எனக்கு என்று எழுதியிருந்தாய். அவள் பள்ளிக்கூடப் பாவாடையைக்கூட மாற்றாமல் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, நான் அதுல ஒண்ணுமே போடலையே," என்றாள்.

நான் அன்றைய பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏன் போடவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாருமில்லைன்னு போட்டா அம்மா பாத்துட்டு அழுவாங்க. அம்மான்னு போட்டா பொய். அப்பான்னு போடலாம்னு பாத்தேன், நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர்தானே படிக்கிறீங்க. அதான் நக்கோ, எதுவும் வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வழி சரியாக வராவிட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். அப்படியானால் அந்த டிக் எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன் அப்பா, நான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி இருக்கும், நீங்களே எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாயசம் இருக்கிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனாள். ருக்மிணி மாமி மேல்வீட்டிலிருந்து கொடுத்தனுப்பின பாயசம். நான் செய்திருந்த கேசரி பாத்திரத்தை விட்டே வரவில்லை.

மறுநாள் ஸ்டெல்லா டீச்சரிடம் போய் மற்ற பிள்ளைகள் ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். டீச்சர் யோசிக்கவே இல்லை. நம் பாலாநகர் ஃபாக்டரிகளில் ஷிஃப்ட் போகிற அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் சார், யாருமில்லை என்று எழுதினால் வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி அவர்களுக்கு, கேட்டாலும் சொல்லமாட்டார்கள் என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சொன்னேன். டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். உன்னிடம் நானே சொல்கிறேன், அதுவரை நீங்கள் சொல்லவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் மேல் கோபப்படாதே.

நீ அந்த அத்தியாயத்தில் இல்லாத ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாய், எழுத வைத்தவன் நான். பதினாறு வருஷம் அந்தப் பிள்ளைகளோடு நின்ற நீ, அவர்களைப் பற்றி அத்தனை பெரியவர்கள் முன்னால் பொய் சொல்லப்போகிறாய், அது பொய் என்று தெரியாமலே. அதை என்னால் தாங்கமுடியவில்லை.

நான் மாற்றிய முப்பத்திநாலு தாளின் எண்களும் இதோடு வைத்திருக்கிற தனித்தாளில் இருக்கின்றன. பிளாண்டில் எதைக் கையால் திருத்தினாலும் குறித்து வைத்தாகவேண்டும், அந்தப் புத்தி அன்றைக்கும் போகவில்லை, டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுபத்தொன்றாம் எண் தாரிணியுடையது, அவளே சொன்னாள். உன் கைடு அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே எல்லாவற்றையும் சொல். அவர் என்னிடம் எழுதி வாங்கவேண்டும் என்றால் எழுதித் தருகிறேன். நேரில் வரச்சொன்னால் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மே மாதம் போச்சு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபிறகுதான் புதுசாகத் தாள் கொடுக்கமுடியும், டிசம்பரில்தான் நீ ஆய்வேட்டைக் கொடுப்பாய். நேற்று கிருஷ்ணபிரசாத் சார் வீட்டுக்கே போனேன். என்னால்தான் தாமதம் என்று சொல்லி, டிசம்பர் வரை அந்த நாற்காலியைக் காலியாக வைக்கமுடியுமா என்று கேட்டேன். மரியாதையாகக் காபி கொடுத்தார். புதுக் கிளைக்கான அனுமதிக் காகிதத்தில் எம்.எட். முடித்தவர் பெயரை ஜூனிலேயே காட்டவேண்டும் சார் என்றார். அதனால் அது ஸ்மிதாவுக்குத்தான் போகும். ஸ்மிதாவுக்கு என்று உன்னிடம் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வரும் வழி முழுக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

உன் வருஷத்தை நான் வீணாக்கிவிட்டேன் புஷ்பா. மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

ஆனால் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடாதே. நீ இப்போது எழுதுகிற கடிதங்களில் வேறு ஒரு பெண் பேசுகிறாள். பதில் சொல்லாத பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று போன மாதம் எழுதினாயே, அதைப் படித்தபோது இந்த முப்பத்திநாலு தாளும்தான் என் முன்னால் வந்தன. அந்தப் பெண் கச்சிபௌலியில் உட்கார்ந்தாலும் சரி, நம் பழைய பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் நின்றாலும் சரி, படிப்பை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். நாற்காலி அடுத்த வருஷம் வரும், இல்லாவிட்டால் அதற்கடுத்த வருஷம்.

பேப்பரை நிறுத்திவிட்டேன். ஒரு வாரமாகத் தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் நோட்டைப் பார்க்கிறேன். அவள் போடுகிற இயற்கணிதம் எனக்கு விளங்கவில்லை. அப்பா, சும்மா இருந்தா போதும், தலையாட்டாதீங்க என்கிறாள்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஹாஸ்டல் வார்டன் அம்மாவிடம் போனில் பேசினேன். ஏப்ரல் இருபதுக்கு மேல் பாதி அறை காலியாம், பெண்ணை உன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றார். தாரிணிக்குப் பரீட்சை பதினாறாம் தேதி முடிகிறது. ஸ்டெல்லா டீச்சர் ஈரோட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறவர், கோயம்புத்தூர் வரை வந்து இவளை உன்னிடம் விட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். லீவு முழுக்க நாற்பத்தைந்து நாள் அவள் உன்னோடு இருக்கட்டும். நீ எழுதிக்கொண்டிரு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது போட்டுக்கொண்டிருக்கட்டும். இரண்டு பேரும் பேசவேண்டும் என்றுகூட இல்லை.

நானும் வருகிறேனே என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. வீட்டைப் பூட்டாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும், நான் இருக்கிறேன்.

உன் படிப்பு ஒரு குறையும் இல்லாமல் முழுசாக உனக்குக் கிடைக்கட்டும். அங்கே வருகிற பெண்ணுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடு, இங்கே எனக்குச் சரியாக வைக்கத் தெரியவில்லை. கோபம் தீர்ந்ததும் எழுது. தீராவிட்டாலும் எழுது, திட்டியாவது எழுது, உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உன்
சம்பந்தம்